சிங்கப்பூர் சர்வரை மூடுறாங்க: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஆடுறவங்களுக்கு லாபமா நஷ்டமா?

பால்மரம்77
நம்ம பக்கம் நிறைய பேர் ஆடுற ஷூட்டிங் கேம் ஒண்ணோட சிங்கப்பூர் சர்வரை மூடிட்டு, எல்லாக் கணக்கையும் தோக்கியோவுக்கு மாத்தப் போறதா அறிவிப்பு வந்திருக்கு. "ஆள் கூடும், மேட்ச் சீக்கிரம் கிடைக்கும்"னு காரணம் சொல்றாங்க. எனக்கு இதுல ஒப்புதல் இல்ல. ஃபைபருக்குள்ள ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். தோக்கியோ இங்கேருந்து 5,000 கிலோமீட்டருக்கு மேல. நேர்கோட்டுல கேபிள் போட்டாலும் போக வர 50 மில்லிசெகண்டுக்குக் கீழ வராது. நீங்க 300 வெள்ளி பேக்கேஜ் போட்டாலும் அதே கதைதான். கேபிள் வளைஞ்சு நெளிஞ்சு போறதால நடைமுறையில 80, 90 வரும். சிங்கப்பூர்னா நல்ல ஃபைபர்ல 15, 20தான். தாமான்ல இருக்கிறவனுக்கே இப்படின்னா, தோட்டத்துல 4ஜி மோடம் வச்சு ஆடுறவனை நினைச்சுப் பாருங்க.

கங்காணி_பேரன்
பிங்கை, அதாவது தரவு போக வர ஆகிற நேரத்தை மட்டும் பார்த்தா எப்படிண்ணே? கணக்குப் போடுவோம். ராத்திரி 9 மணிக்கு 400 பேர் ராங்க் மேட்ச் தேடுறாங்கன்னு வச்சுக்குங்க. 8 தரமாப் பிரிச்சா தரத்துக்கு 50 பேர். ஒரு மேட்சுக்கு 10 பேர், ஆக 5 மேட்ச். மத்தியானம் அந்தக் கூட்டத்துல பத்துல ஒரு பங்குதான் இருக்கும், தரத்துக்கு 5 பேர். ஒரு மேட்ச் கூடத் தேறாது. சிஸ்டம் தர வித்தியாசத்தைத் தளர்த்தும். நேத்து ஆரம்பிச்ச பையன் மூணு வருஷம் ஆடினவன் கையில மாட்டுவான், ரெண்டு நாள் அடி வாங்கிட்டு கேமை அழிச்சிடுவான். ஆள் மறுபடியும் குறையும். மூடாம வச்சிருந்தாலும் அந்த சர்வர் தானா செத்துடும்லா. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்லயும் 2025 தொடக்கத்துல பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து சர்வர்களை ஒண்ணாக்கிட்டாங்களே.

பால்மரம்77
அது அக்கம்பக்கத்தைச் சேர்த்தது தம்பி. பினாங்கு கடையை மூடிட்டு ஈப்போவுக்கு வான்னா வரலாம். தோக்கியோவுக்கு வான்னா?

லயன்வீட்டு_லேக்
ரெண்டு பேரும் சராசரி பிங்கையே பிடிச்சுத் தொங்குறீங்க. ஆட்டத்தைக் கெடுக்கிறது ஏற்ற இறக்கம், அதாவது ஜிட்டர். 90ல நிலையா நின்னா கை பழகிடும். 40க்கும் 160க்கும் நடுவுல குதிச்சா எவனுக்கும் பழகாது. 64 டிக் சர்வர்னா வினாடிக்கு 64 தடவை, அதாவது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும். உங்க பாக்கெட், அதாவது நீங்க அனுப்புற தரவுத் துண்டு, நாலஞ்சு டிக் தள்ளி வந்தா, சுவருக்குப் பின்னால போய் ஒளிஞ்ச அப்புறமும் சுடப்பட்டு விழுவீங்க. கார்டு கேம், முறை வச்சு ஆடுற டர்ன் பேஸ்ட் கேம்னா 150 வந்தாலும் கவலையில்ல. சண்டை கேம்ல ஒரு ஃபிரேம், அதாவது திரையில வர்ற ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட், அதனால அங்க வலி அதிகம்.

மாறுறதுக்கு முன்னாடி அளந்து வைங்க. பாக்கெட் போற வழியில இருக்கிற ஒவ்வொரு ரௌட்டரையும் வரி வரியா அளந்து காட்டுற வின்எம்டிஆர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. சர்வர் ஐபியைக் கொடுத்து, ராத்திரி 9 மணிக்கு 10 நிமிஷம் ஓட விடுங்க. நடுவுல ஒரு ரௌட்டர்ல மட்டும் 30 விழுக்காடு இழப்பு காட்டி, அடுத்த வரியில 0 வந்தா பயப்பட வேண்டாம், அந்த ரௌட்டர் பதில் சொல்லச் சோம்பல்படுது, அவ்வளவுதான். இழப்பு அங்க ஆரம்பிச்சு கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தா மட்டும் புகார் போடுங்க, அந்தப் படத்தோட. மொத வரியிலயே, அதாவது உங்க மோடம்லயே 20, 30 மில்லிசெகண்ட் குதிச்சா குற்றம் வைஃபை மேல. கேபிள் போடுங்க.

4ஜிக்காரங்களுக்கு: மோடத்தை டிவி பக்கத்துல வைக்காதீங்க, கோபுரத்தைப் பார்த்த ஜன்னல்ல வைங்க. செம்பனைக்கு நடுவுல இருக்கிற லயன் வீடுன்னா கூரை உயரத்துக்கு வெளி ஆன்டெனா போட்டாத்தான் சரி, ஓலை சிக்னலை நல்லாவே தின்னும். வீட்டுல யாராவது வீடியோ அப்லோட் பண்ணும்போது பிங் எகிறினா, ரௌட்டர்ல எஸ்கியூஎம், அதாவது நெரிசலை ஒழுங்கு பண்ற வசதி, இருக்கான்னு தேடி, வேகத்தை நிஜ வேகத்துல 85 விழுக்காடுக்குக் கட்டுங்க. 4ஜி வேகம் மணிக்கு மணி மாறுறதால, ராத்திரி கிடைக்கிற குறைஞ்ச வேகத்தை வச்சுக் கணக்குப் போடுங்க.

பால்மரம்77
இன்னைக்குச் சேர்ப்பாங்க, நாளைக்கு மொத்தமா மூடுவாங்க. தி க்ரூ ஞாபகம் இருக்கா? 2014ல காசு கொடுத்து வாங்கின கார் கேம். 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினதும் தனியா ஓட்டுற பகுதியும் சேர்ந்து செத்துப் போச்சு. அதுக்கு அப்புறம் கிளம்பின "கேம்களைக் கொல்லாதே" இயக்கத்துக்கு ஐரோப்பாவுல 10 லட்சம் கையெழுத்துக்கு மேல விழுந்துச்சு. அவங்க கேக்கிறது சர்வரைக் காலமெல்லாம் நடத்துன்னு இல்ல, போகும்போது ஆடுற மாதிரி விட்டுட்டுப் போன்னுதான். நாக்அவுட் சிட்டி செஞ்சு காட்டினாங்களே. 2023 ஜூன்ல மூடும்போதே பிசிக்குத் தனியார் சர்வர் பதிப்பை இலவசமாக் கொடுத்துட்டுப் போனாங்க.

கங்காணி_பேரன்
அது சின்ன கேம்ணே. பெரிய கேம்ல "சர்வர்"னு ஒரே கோப்பு கிடையாது. லாகின் ஒரு இடம், மேட்ச் சேர்க்கிறது ஒரு இடம், பொருள் பட்டியல் வேற தரவுத்தளம், ஏமாத்துறவனைப் பிடிக்கிறது வேற கம்பெனி மென்பொருள். பாதி வாடகை கிளவுட்ல ஓடுது. அடுத்தவன் உரிமம் வாங்கிச் சேர்த்ததை ஊருக்குப் பங்கு போட முடியாது. சில நேரம் மூடுறதுக்குக் காரணம் ஆள் இல்லாதது கூட இல்ல. 2023 ஜனவரியில சீனாவுல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நின்னது கூட்டாளி ஒப்பந்தம் முடிஞ்சதால. ஆடுறவங்க கேரக்டர் விவரத்தைக் கோப்பா இறக்கி வச்சுக்கிட்டாங்க, 2024ல சர்வர் திரும்ப வந்துச்சு.

பால்மரம்77
நீ சொல்றதே என் பக்கம் பேசுது. விவரத்தை இறக்கிக்க விட்டாங்க பாரு, அந்த மரியாதை இங்க ஏன் இல்ல? உரிமச் சிக்கலை வடிவமைக்கும்போதே யோசிச்சா தீரும். பத்து வருஷம் ஓடின பழைய கேமைத் திறக்கிறது கஷ்டம், ஒத்துக்கிறேன். இனிமே செய்யறதுக்கு என்ன தடை?

ரிசீட்_பத்திரம்
காசு விஷயத்துக்கு வாங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி 1ஆம் பாரம் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். ஆனா எதிர்த்தரப்புக்கு இங்க முகவரி வேணும். வெளிநாட்டுக் கம்பெனி மேல போட்டா நோட்டீஸ் கொடுக்கவே இடம் இருக்காது. விதிமுறையில "உரிமம் மட்டுமே, சொத்து அல்ல"ன்னும் எழுதியிருப்பாங்க. மூடல் அறிவிப்புக்கு அப்புறமும் கேம் காசு ஏத்துற ரீலோட் பின் வித்த உள்ளூர்க் கடைன்னா அதை இழுக்க வழி இருக்கு, ரிசீட்ல தேதி தெரியணும். சூடு பட்டா அந்தத் தாள் அழிஞ்சிடும், வாங்கின அன்னைக்கே படம் பிடிங்க.

மாத்த நாள் கொடுத்திருந்தா கடைசி வாரம் வரைக்கும் காக்காதீங்க. கெஸ்ட் கணக்குல ஆடுறவங்க முதல்ல மின்னஞ்சலோட இணைக்கணும், இல்லாட்டி ஃபோன் மாறின அன்னைக்கே கணக்கு போச்சு. பிரீபெய்ட் நம்பரை மட்டும் நம்பி இணைக்காதீங்க, ரீலோட் போடாம விட்டா நம்பர் இன்னொருத்தன் கைக்குப் போயிடும். மிச்ச காயினை அறிவிப்பு வந்த வாரமே செலவழிங்க, மூடும்போது கடையைத்தான் முதல்ல அடைப்பாங்க.

சிசி_மூலை_சீட்
நாமே சர்வர் வச்சா என்ன?

லயன்வீட்டு_லேக்
கேமே அனுமதிச்சா வைக்கலாம். லெஃப்ட் 4 டெட் 2, மைன்கிராஃப்ட் மாதிரி. 8 ஜிபி ராம் உள்ள பழைய பிசி போதும், மைன்கிராஃப்ட்ல 10 பேருக்கு 4 ஜிபி ஒதுக்குங்க. பிசிக்கு ரௌட்டர்ல மாறாத ஐபி கொடுத்து போர்ட்டை, அதாவது வெளியாள் நுழையுற வாசல் எண்ணை, திறக்கணும்: மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565, லெஃப்ட் 4 டெட் 2க்கு யுடிபி 27015.

எல்லாம் செஞ்சும் வெளியாள் நுழைய முடியலன்னா ரௌட்டர்ல வான் ஐபியை, அதாவது அதோட வெளிப்பக்க முகவரியைப் பாருங்க. 100.64 முதல் 100.127 வரைக்கும் ஆரம்பிச்சா சிஜிநாட், ஒரே பொது ஐபியைப் பல வீடு பங்கு போடுது. போர்ட் திறந்து பிரயோஜனமில்ல. எல்லாரும் தங்களுக்குள்ள தனி வலை அமைக்கிற டெயில்ஸ்கேல் இல்லாட்டி சீரோடியர் மென்பொருளைப் போட்டா சிஜிநாட்டைத் தாண்டலாம்.

இந்தப் பக்கம் இடியை மறக்காதீங்க. மின்சாரத்துக்கு மட்டும் பாதுகாப்பு போட்டு டெலிஃபோன் கம்பியை விட்டா, மோடம் வழியா வந்து லேன் போர்ட்டைச் சுட்டுடும். மழை கறுத்தா ரெண்டையும் கழட்டணும், அதனால இது 24 மணி நேர சர்வர் ஆகாது. மைன்கிராஃப்ட் ஆட்டம் சேமிச்சிருக்கிற வேர்ல்ட் ஃபோல்டரைத் தினமும் வேற டிரைவ்ல நகல் எடுங்க.

கங்காணி_பேரன்
அனுமதி இல்லாத கேமுக்கும் இதையே செய்யலாம்னு யாராவது கிளம்பிடாதீங்க. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012ல மூடினது. ரசிகர்கள் நடத்தின சர்வருக்கு அந்த கேமோட கம்பெனி என்சிசாஃப்ட் உரிமம் கொடுத்தது 2024 ஜனவரியில. அது விதிவிலக்கு. மத்தவனுக்கெல்லாம் வக்கீல் கடிதம்தான் வரும்.

பால்மரம்77
உரிமம் வர்ற வரைக்கும் அந்த கேமை உயிரோட வச்சிருந்தது யாரு தம்பி? அதே ரசிகர்தானே.

கங்காணி_பேரன்
சரி, அதை விடுங்க. தோக்கியோ வின்எம்டிஆர் படத்தை ஒவ்வொருத்தரும் போடுங்க, ஃபைபரா 4ஜியான்னு எழுதி. 90க்குள்ள நிலையா நின்னா நான் சொன்னது சரி. குதிச்சா நீங்க எழுதுற புகார்ல என் பேரையும் சேருங்க.