டிபிஎஸ் (தற்காலிகப் பாதுகாப்பு நிலை) ஊழியரின் ஈஏடி (வேலை அனுமதி) கார்டு தேதி தாண்டிவிட்டது, ஐ-9 (வேலைத் தகுதிப் படிவம்) படிவத்தில் என்ன எழுதுவது?

கிடங்கு_ஹெச்ஆர் (2025 நவம்பர்)
டெக்சாஸில் ஒரு கிடங்கு. ஊழியரின் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபையில் இருக்கிறோம். இரண்டு பேர் விஷயத்தில் குழப்பம்.

திங்கட்கிழமை சேர்ந்தவர் எல் சால்வடார்க்காரர். ஈஏடி கார்டில் வகை ஏ12, காலாவதி 03/09/2025. "தானாகவே நீட்டிவிட்டார்கள்" என்கிறார். சாஃப்ட்வேர் சிவப்பு காட்டுகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் கேட்கலாமா?

இன்னொருவர் பழைய ஆள், ஹொண்டுராஸ்காரர். அந்த நாட்டுக்கு டிபிஎஸ் முடிந்தது என்று செய்தி வந்ததிலிருந்து மேனேஜர் "உடனே நிறுத்து" என்று நிற்கிறார். போன வருடம் புது கார்டு காட்டினார். ஐ-9இல் 2029 தேதி இருக்கிறது.

படிவக்காரன்
முதல் ஆள் சொல்வது சரி. 2025 ஜனவரி 17 ஃபெடரல் ரெஜிஸ்டர் (அமெரிக்க அரசிதழ்) அறிவிப்பு எல் சால்வடார் டிபிஎஸ்ஸை 2026 செப்டம்பர் 9 வரை நீட்டியது. பழைய ஈஏடி கார்டுகளுக்கு மட்டும் 2026 மார்ச் 9 வரை தனி நீட்டிப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு படிவத்தில் செப்டம்பர் தேதியை எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

கார்டில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். வகை ஏ12 அல்லது சி19 (இரண்டும் டிபிஎஸ் வகைகள்) ஆக இருக்க வேண்டும், காலாவதி தேதி அந்த அறிவிப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். 03/09/2025 இருக்கிறது. அமெரிக்க முறையில் அது மார்ச் 9. செப்டம்பர் 3 என்று படித்துவிடாதீர்கள்.

புது ஆள் என்பதால் செக்ஷன் 1இல் அவரே "இந்தத் தேதி வரை வேலை செய்ய அனுமதி" கட்டத்தைத் தேர்ந்து 03/09/2026 எழுத வேண்டும். செக்ஷன் 2இல் ஏ பட்டியலின் (அடையாளம், வேலை அனுமதி இரண்டையும் காட்டும் ஆவணங்கள்) கீழ் ஆவணப் பெயர், வழங்கிய அலுவலகம், கார்டு எண் போட்டு, காலாவதி கட்டத்தில் நீங்களும் 03/09/2026 எழுதுங்கள். கார்டில் அச்சான தேதியை அப்படியே தட்டினால் சாஃப்ட்வேர் சிவப்புதான் காட்டும். ஈ-வெரிஃபையிலும் நீட்டித்த தேதிதான். திங்கள் சேர்ந்தவருக்கு வியாழனுக்குள் செக்ஷன் 2, ஈ-வெரிஃபை இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

ரசீது கேட்காதீர்கள். நீட்டிப்பு அறிவிப்பிலேயே இருக்கிறது. டிபிஎஸ் ஆதாரம், நாட்டுக் குடியுரிமைச் சான்று எதையும் கூடுதலாகக் கேட்கக்கூடாது. போதுமான ஆவணத்துக்கு மேல் கேட்பது சட்டப்படி பாகுபாடு ஆகலாம்.

கிடங்கு_ஹெச்ஆர்
நன்றி சார். இதே கார்டு ஏற்கனவே வேலையில் இருக்கும் ஆளிடம் இருந்தால்?

படிவக்காரன்
அப்போது பழைய தேதியை அழிக்கக்கூடாது. செக்ஷன் 2இன் கூடுதல் தகவல் கட்டத்தில், ஆங்கில எழுத்தில், 'ஈஏடி எக்ஸ்ட்' என்றும் 03/09/2026 என்றும் எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போடுங்கள். சப்ளிமென்ட் பி (ஐ-9இன் மறுசரிபார்ப்புத் தாள்) இப்போது வேண்டாம், நீட்டிப்பு முடியும்போதுதான்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்
ஹொண்டுராஸ்காரர் விஷயத்தில் மேனேஜரைத் தடுங்கள். ஹொண்டுராஸ் டிபிஎஸ் 2025 ஜூலை 5 வரைக்குத்தான் நீட்டப்பட்டிருந்தது. அதன் பேரில் கொடுத்த கார்டில் 2029 வர வழியே இல்லை. பெரும்பாலும் அடைக்கல மனு நிலுவையில் உள்ளவர்களுக்கான சி08 கார்டாக இருக்கும். 2023 இறுதியிலிருந்து அந்த வகைக்கு ஐந்து வருடம் வரை கொடுத்தார்கள். ஆனால் இதை உறுதிப்படுத்திக்கொள்கிறேன் என்று அவரைக் கூப்பிட்டு கார்டைக் காட்டச் சொல்லாதீர்கள். நாட்டைப் பார்த்து மறுசரிபார்ப்பு செய்வதுதான் அமெரிக்க நீதி அமைச்சகத்தில் புகாராகப் போய் நிற்கும். உங்களைக் கட்டுப்படுத்துவது ஐ-9இல் உள்ள தேதி, செய்தி அல்ல.

ஒரு விதிவிலக்கு. ஈஏடி ரத்தானவர்களின் விவரத்தை ஈ-வெரிஃபை 'நிலை மாற்ற அறிக்கை'யாக 2025 ஜூனிலிருந்து தருகிறது. அதில் அவருடைய கேஸ் வந்திருந்தால், வேறு ஆவணம் காட்ட நியாயமான அவகாசம் கொடுத்து சப்ளிமென்ட் பியில் மறுசரிபார்ப்பு செய்யுங்கள். அதற்காக ஈ-வெரிஃபையில் புது கேஸ் திறக்கக்கூடாது. மறுசரிபார்ப்புக்கு அது எப்போதுமே கிடையாது.

கிடங்கு_ஹெச்ஆர்
அறிக்கையில் அவர் இல்லை. மார்ச் 9க்குப் பிறகு சால்வடார்க்காரர் புது கார்டு கொண்டுவராவிட்டால்?

படிவக்காரன்
அவர் ஈஏடிதான் காட்ட வேண்டும் என்றில்லை. ஏ பட்டியலிலோ சி பட்டியலிலோ (வேலை அனுமதியை மட்டும் காட்டுபவை) செல்லும் ஆவணம் எதுவானாலும் அவர் இஷ்டம். சோஷியல் செக்யூரிட்டி கார்டு காட்டினால் முகப்பைப் படியுங்கள்: "டிஹெச்எஸ் அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்ற வரி (டிஹெச்எஸ் என்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது சி பட்டியலுக்கு ஆகாது. டிபிஎஸ்காரர்களிடம் பெரும்பாலும் அந்தக் கார்டுதான் இருக்கும். இனிமேல் விண்ணப்பித்து வாங்கும் புதுப்பித்தல் ரசீதும் கைகொடுக்காது. 2025 அக்டோபர் 30 அல்லது அதற்குப் பின் போட்ட விண்ணப்பங்களுக்கு ரசீதால் தானாக நீட்டிப்பு இல்லை. டிபிஎஸ்ஸுக்குப் புது அறிவிப்பு வந்தால் மட்டுமே. ஆகவே மார்ச் 10 காலை ஷிப்டுக்கு முன் அந்த நாட்டுக்கான யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்ற சேவை அமைப்பு) பக்கத்தைப் பாருங்கள், தேதி தெரிய அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். அறிவிப்பும் இல்லை, ஆவணமும் இல்லை என்றால் அன்று முதல் வேலையில் வைத்திருக்க முடியாது.

90 நாள் முன்னதாக நினைவூட்டுவது வழக்கம், அதாவது டிசம்பர் 9. காலாவதியாகும் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள், இவருக்கு மட்டும் தனியாக வேண்டாம்.