பி.எச்.க்யூ-9 கேட்டால் "கவலையெல்லாம் இல்ல, உடம்புதான் அசதி" என்கிறார்கள்

கேள்வி
சர்க்கரை நோய் முகாமில் தமிழ் பி.எச்.க்யூ-9 தாளை (மனச்சோர்வின் அறிகுறிகள் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்) வாசித்துக் கேட்கிறோம். தூக்கம், அசதி, பசி மூன்றுக்கும் பலருக்கு 3 விழுகிறது. மனச்சோர்வு என்றால் இல்லவே இல்லை. மொத்தம் 9, வெட்டுப்புள்ளி (மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்) 10. பிரச்சினை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பதில் 1
வேண்டாம். 'மனச்சோர்வு' அச்சுத் தமிழ். ஊர்ப் பேச்சில் "மனசு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல", "ஒரே யோசனையா இருக்கு". அச்சிட்ட வாக்கியத்தை மாற்றாமல் வாசித்துவிட்டு, பிறகு இந்தச் சொற்களால் விளக்குங்கள். விளக்கத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பணியாளர் ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. 'ஆர்வம்' என்றதும் பொழுதுபோக்கு என்று நினைத்து "எனக்கேதுங்க அதெல்லாம்" என்பார்கள். கோயில், விசேஷம், பேரப்பிள்ளை, ஆடுமாடு என்று எடுத்துக்கொடுங்கள்.

"பாதி நாட்களுக்கு மேல்" என்பதும் குழப்பும். "போன சந்தைக்கு முந்தின சந்தையிலிருந்து எத்தனை நாள்?" என்று கேட்டு நீங்களே குறியுங்கள்: 7 நாளைத் தாண்டினால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் ஆறாம் கேள்விக்கு (குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித் தந்துவிட்டேன் என்ற நினைப்பு) உண்மை வராது. நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள்.

பதில் 2
உடம்பு வலி எல்லாமே மனசின் மாறுவேடம் என்றும் முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டாலே அசதிதான். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சீனாவின் ஹுனானில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சிகிச்சை பெற்ற 100 பேரைப் பரிசோதித்து 1982இல் எழுதினார். அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு நோய் இருந்தது. வந்தவர்கள் சொன்னதோ தலைவலியும் தூக்கமின்மையும்.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியின் 'குஃபுங்கிசிசா', நம் "ஒரே யோசனை"யேதான். அங்கே உள்ளூர்ச் சொற்களைக் கொண்டே 14 கேள்விப் பட்டியல் உண்டாக்கினார்கள். 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதும் அந்த மொழியில்தான்.

கேட்டவர்
நேரமில்லை, முதல் இரண்டு கேள்வி (ஆர்வமின்மை, மனச்சோர்வு) போதும் என்கிறார்கள் முகாம் நடத்துபவர்கள்.

பதில் 2
அந்த இரண்டுக்கும்தானே நோயாளிகள் 'இல்லை' என்கிறார்கள்! நீங்கள் தேடும் ஆட்களே முதலில் கழிந்துபோவார்கள்.

பதில் 3
ஒன்பதாம் கேள்வியை (செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம்) மட்டும் தனியாகப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு குறைந்தாலும், அதில் 1 விழுந்தாலே அன்றே பேச வேண்டும். "செத்தாத் தேவல" என்பது நம்மூரில் சலிப்பிலும் வரும் பேச்சு. அதனால் "சும்மா சொல்றீங்களா, இல்ல எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யோசித்திருந்தால் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.