பையில் கத்தி வைத்திருந்த மாணவனை எப்படிப் புரிந்துகொள்வது?

குடியாத்தம் ஆசிரியை (கேள்வி):
நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. சென்ற மாதம் என் மாணவன் ஒருவனின் புத்தகப் பையில், செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்று இருந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் இறைவணக்கக் கூட்டத்தில், அனைவர் முன்னிலையிலும், அவனுடைய தலைமுடியைக் கத்தரித்து ஏளனம் செய்திருந்தார்கள். அவன் அதிகம் பேசாதவன், வீட்டுப்பாடம் தவறாதவன். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடி:
அம்மா, "இப்படிப்பட்டவர்கள்" என்று ஒரு வகையே கிடையாது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, அமெரிக்க அரசு 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றை நடத்திய 41 பேரையும் ஆராய்ந்து, 2002இல் வெளியிட்ட அறிக்கையில், குடும்பம், மதிப்பெண், குணம் எதிலும் இவர்களுக்குப் பொதுவான அச்சு இல்லை என்றே கூறியது. நன்றாகப் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நிகழ்வுகளில், நடக்கப்போவது வேறு ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள் அல்லது உடன்பிறந்தவர்கள். உங்கள் வகுப்பில் யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்களா?

குடியாத்தம் ஆசிரியை:
கேட்டேன், ஐயா. அவனுடன் ஒரே பெஞ்சில் அமரும் இருவருக்கும் முதல் நாளே தெரியுமாம். சொன்னால் தங்களுக்கும் அடி விழும் என்று பயந்தார்களாம்.

ஒரு தந்தை, ஆற்காடு:
அவன் மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆயினும் அதே வகுப்பில் என் மகள் அமர்ந்திருந்தால் அவளுடைய பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? (தலைமுடியைக் கத்தரித்தவரிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை என்பதும் என் கண்ணில் படாமல் இல்லை.)

மனநல ஆலோசகர், வேலூர்:
உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பள்ளியை விட்டு அனுப்பினால் மனக்குமுறல் அடங்கிவிடும் என்று நம்ப இயலாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்கள் அரிவாளால் வெட்டியது வகுப்பறையில் அன்று, அவர்களுடைய வீட்டில். அங்கே சாதிப் பகை வேலை செய்தது, இங்கே அவமானம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. இருப்பினும் பள்ளி வாசலோடு வன்முறை நின்றுவிடுவதில்லை என்பது இரண்டுக்கும் பொருந்தும். அவனிடம் "ஏன் செய்தாய்" என்று கேட்பதைவிட, அந்த நான்கு நாட்களில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று கேளுங்கள். கத்தி யாருக்காக, யாரிடம் சொன்னான், தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். அந்த அமெரிக்க ஆய்வில் தாக்கியவர்களில் பலர் தற்கொலையைப் பற்றியும் நினைத்தவர்கள். தயங்கினால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

குடியாத்தம் ஆசிரியை:
நேற்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். கத்தி யாருக்காக என்று கேட்டதற்கு, நெடுநேரம் கழித்து, "எனக்குத்தான் டீச்சர்" என்றான். மாற்றுச் சான்றிதழில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை.