அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: போடலாமா, வேண்டாமா?

தென்காசித் தம்பி
வணக்கம். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. 2 ஜி.பி. ரேம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 போட்டிருக்கிறோம். ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தங்கை கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கட்டுரை தட்டச்சு செய்ய, பைத்தான் பழக, பாடக் காணொளி பார்க்க அவளுக்கு ஒரு கணினி வேண்டும். புதியது வாங்க இப்போது வழியில்லை. பழுது பார்ப்பவர் எடைக்குப் போடச் சொல்கிறார். நண்பனோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஓடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

கட்டற்றவன்
நண்பன் சொல்வதைக் கேளுங்கள். 2 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 10 மூச்சுத் திணறும்; விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜி.பி. ரேமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அந்தக் கணினியில் கிடையாது. ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் வகையைப் போடுங்கள். டெபியன் என்ற பழைய லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, 256 எம்.பி. ரேமிலும் இயங்கும்படி உருவாக்கப்பட்டது. கொஞ்சம் அழகாகவும் வேண்டுமென்றால் எம்.எக்ஸ். லினக்ஸ், லுபுண்டு இரண்டில் ஒன்று. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் வகை வேண்டாம். அது 4 ஜி.பி. இருந்தால்தான் சுகமாக ஓடும்.

போடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இப்போதுள்ள விண்டோஸ் 32 பிட்டாக (பழைய வகை; புதியது 64 பிட்) இருந்தாலும், சிபியு என்ற மையச் செயலியும் 32 பிட் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்துச் சிபியுக்களில் பெரும்பாலானவை 64 பிட் தாங்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவுவதையே கைவிட்டுவிட்டது. குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஆகவே 64 பிட் பதிப்பையே இறக்குங்கள்.

சேலம் அச்சகம்
தம்பி, நான் தட்டச்சு, அச்சு வேலையில் இருப்பவன். வேண்டாம் என்கிறேன்.

இயங்குதளம் 200 எம்.பி.யில் அடங்கிவிடும் என்று இவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் தங்கை இயங்குதளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை. உலாவியைத் திறப்பாள், யூடியூபைத் திறப்பாள், கல்லூரித் தளத்தைத் திறப்பாள். அங்கே ஒரு ஜி.பி.க்கு மேல் போய்விடும். சுமை முழுவதும் இணையத்தில் இருக்கும்போது அடித்தளத்தை மாற்றி என்ன பயன்?

அடுத்து அச்சு. நம் ஊர்க் கடைகளில் இன்னும் ஓடுகிற கேனான் எல்.பி.பி. 2900 போன்ற அச்சுப்பொறிகள் கேப்ட் என்ற தனி நெறிமுறையில் பேசுபவை. லினக்ஸில் அவற்றை இணைக்கும் பாடு, பட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு எதையாவது திறக்க வேண்டியிருந்தால் அதற்கும் வழியில்லை.

கட்டற்றவன்
பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. இன்று கல்லூரியில் சேரும் பெண் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன மென்பொருளுக்காக அவள் கணினியை முடக்கச் சொல்கிறீர்களே ஐயா! அவள் கட்டுரையை லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோனால் எந்த அச்சுப்பொறியும் அச்சிடும்.

தமிழைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாமினியில் தட்டியே பழகியவர்களுக்கும் தடையில்லை: அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டாலே லினக்ஸிலும் அப்படியே தட்டலாம்.

உலாவி பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். அதனால்தான் இந்த வேலை இன்னும் அவசியமாகிறது. இருப்பதே 2 ஜி.பி.; அதில் பாதியை விண்டோஸ் விழுங்கினால் உலாவிக்கு என்ன மிஞ்சும்? இசட்ரேம் வசதியை இயக்கினால் நினைவகத்தில் உள்ளவை சுருக்கி வைக்கப்படும். மெதுவான ஹார்டு டிஸ்க்குக்கு அடிக்கடி ஓட வேண்டியிருக்காது. யூடியூப் பெரும்பாலும் வி.பி.9 வடிவத்தில் காணொளியை அனுப்புகிறது. பழைய கணினியின் வரைகலைச் சில்லுக்கு அது தெரியாது; பாரம் எல்லாம் சிபியுவின் தலையில் விழும். காணொளியை எச்.264 என்ற பழைய வடிவத்தில் வரவழைக்கும் எச்264ஃபை என்ற உலாவி நீட்சியைச் சேர்த்து, 480பி-யில் பாருங்கள். பாடம் தடங்கலின்றி ஓடும்.

கணினி ஆசிரியை
இருவரும் ஹார்டு டிஸ்க்கை மறந்துவிட்டீர்கள். இத்தனை ஆண்டு ஓடிய தட்டு எந்த நேரமும் போய்விடலாம். முதல் செலவு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) இருக்கட்டும், முடிந்தால் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்றும். சென்னை ரிச்சி தெருவில் அவை பழையதாகவே கிடைக்கும். கணினியின் தேதி அடிக்கடி பின்னுக்குப் போகிறது என்றால் உள்ளே இருக்கும் சிறு மின்கலத்தையும் மாற்றுங்கள். தேதி தவறினால் உலாவி எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்க மறுக்கும். பலர் அதை இயங்குதளத்தின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சேலம் அச்சகம்
எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்ட பிறகு விண்டோஸே ஓடிவிடுமே! பிறகு லினக்ஸ் எதற்கு?

நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. அந்த மடிக்கணினிகள் வந்தபோதே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், நம் சென்னையில் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது, தமிழும் உண்டு. என்ன ஆயிற்று? எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? என்னிடம் வந்த மடிக்கணினிகள் எல்லாவற்றிலும் அதை அழித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். இலவசமாக, கையில் கொடுத்தும் மக்கள் வேண்டாம் என்றார்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கட்டற்றவன்
சொல்கிறேன். பிள்ளைகள் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை; அவர்களுக்கு அதை யாரும் காட்டவே இல்லை. பாடம் விண்டோஸில், ஆசிரியருக்குப் பழக்கம் விண்டோஸில், கடைக்காரர் செய்த முதல் வேலை பாஸை அழிப்பது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தது. இன்று அதன் தொடர்ச்சியான கைட், உபுண்டு அடிப்படையில் தன் பள்ளிகளுக்கென்றே இயங்குதளம் வெளியிடுகிறது. அங்குள்ள பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றுதான். காட்டிக்கொடுக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. நம் அரசு லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டு சேர்த்த ஒரு வாய்ப்பை இப்படி இழந்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சேலம் அச்சகம்
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் வாதத்தைத்தான் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும். தென்காசியில் இரவு பத்து மணிக்கு வைஃபை வேலை செய்யவில்லை, மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? விண்டோஸ் என்றால் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். உங்கள் கொள்கைக்கான விலையை அவள் கொடுக்கக் கூடாது.

கணினி ஆசிரியை
அந்த ஆள் யாரென்று முதலில் தம்பி சொல்லட்டும். நண்பன் ஊரிலேயே இருக்கிறானா? அவன் இருந்தால் நான் லினக்ஸ் பக்கம்; இல்லையென்றால் அச்சகத்தார் பக்கம்.

தென்காசித் தம்பி
நண்பன் அடுத்த தெருதான். அவனும் இரண்டு ஆண்டாக ஆன்டிஎக்ஸ்தான் பயன்படுத்துகிறான்.

கட்டற்றவன்
அப்படியானால் தாமதிக்க வேண்டாம். விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற நிரல் மூலம் ஆன்டிஎக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கி வைஃபை, ஒலி, தொடுபலகை, திரை வெளிச்சம் நான்கையும் பாருங்கள். சில பழைய பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு நிலைப்பொருள் (சில்லை இயக்கும் சிறு நிரல்) தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அது இப்போதே தெரிந்துவிடும். ஆன்டிஎக்ஸில் செய்த மாற்றங்களைப் பென் டிரைவிலேயே சேமித்துவைக்கவும் வழி உண்டு. தங்கை அப்படியே ஒரு வாரம் பழகட்டும். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவை உருவிவிடுங்கள், பழைய விண்டோஸ் அங்கேயே இருக்கும்.

சேலம் அச்சகம்
இந்த ஒரு வார யோசனையை ஏற்கிறேன். அந்த வாரத்தில் கல்லூரித் தளத்தில் கட்டணம் கட்டுவது, தேர்வுப் படிவம் நிரப்புவது இரண்டையும் அவளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நிறுவுவது என்று முடிவானால், முழு வட்டையும் அழிக்கவா என்று நிறுவி கேட்கும் இடத்தில் கை வைப்பதற்கு முன் அக்காவின் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதில் தவறினால் மீட்க என்னாலும் முடியாது, அவராலும் முடியாது.

தென்காசித் தம்பி
சரி அண்ணா. இன்றிரவே நகலெடுக்கத் தொடங்குகிறேன். எஸ்.எஸ்.டி. வந்ததும் பழைய தட்டை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, புதியதில்தான் நிறுவப் போகிறோம்.