எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்: ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

கேள்வி:
அப்பாவுக்கு 56 வயது. இடுப்பு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருப்பது: மூன்று டிஸ்க்கில் டெசிக்கேஷன், எல்3-எல்4, எல்5-எஸ்1 டிஃப்யூஸ் பல்ஜ். எல்4-எல்5 இடப்பக்க பாராசென்ட்ரல் புரொட்ரூஷன், டிராவர்சிங் எல்5 நரம்பு வேரை அழுத்துகிறது. லார்டோசிஸ் குறைவு. வலி இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பெருவிரல் வரை போகிறது. ஆபரேஷன்தானா?

பதில் 1:
எல் என்பது இடுப்பு முதுகெலும்பு, எஸ் அதற்குக் கீழே உள்ள எலும்பு. எல்4-எல்5 என்றால் நாலாவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க். ரிப்போர்ட்டில் பாதி வரிகளை ஒதுக்கிவிடலாம். டெசிக்கேஷன் என்றால் டிஸ்க்கில் நீர் வற்றியிருக்கிறது, எம்.ஆர்.ஐ.யின் டி2 என்ற வகைப் படத்தில் கறுப்பாகத் தெரியும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கட்டுரைப்படி, முதுகுவலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்குப் பல்ஜும் (பரவலான பிதுக்கம்) இருந்தன. லார்டோசிஸ், அதாவது இடுப்பின் இயல்பான வளைவு, குறைவது தசை இறுக்கத்தாலும், ஸ்கேனில் படுத்திருக்கும் விதத்தாலும்கூட வரும்.

முக்கியமான வரி எல்4-எல்5தான். அந்த மட்டத்தில் பக்கவாட்டுத் துளை வழியே வெளியேறுவது எல்4 நரம்பு. கீழே இறங்கிப் போவது (ரிப்போர்ட்டில் "டிராவர்சிங்") எல்5. நடுவுக்குச் சற்றே பக்கத்தில் ("பாராசென்ட்ரல்") பிதுங்கினால் மாட்டுவது எல்5. நீங்கள் சொல்லும் வலி அதன் பாதையிலேயே, அதே பக்கத்தில் இருக்கிறது. வலி வலது காலில் இருந்திருந்தால் இந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்:
"புரொட்ரூஷன்" பல்ஜை விட மோசமா?

பதில் 2:
அது வடிவத்தைச் சொல்லும் பெயர். விளிம்பு பரவலாகத் தள்ளினால் பல்ஜ். ஒரு பக்கம் மட்டும், அடி அகலமாகப் பிதுங்கினால் புரொட்ரூஷன். அடியை விடத் தலை பெருத்தால் எக்ஸ்ட்ரூஷன். பெயரைக் கேட்டுப் பயம்தான் வருகிறது, ஆனால் எக்ஸ்ட்ரூஷன்தான் பல்ஜை விட அதிகமாகத் தானாகச் சுருங்குகிறது.

ஆபரேஷனை முடிவு செய்வது பெரும்பாலும் காலின் பலம். அப்பாவைக் குதிகாலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். வலது காலோடு ஒப்பிடுங்கள். வலியால் விட்டுவிடுவது வேறு, பலமில்லாமல் சரிவது வேறு. பலம் சரியாக இருந்தால் மாத்திரை, பிசியோ, நடமாட்டம் என்று 6 முதல் 12 வாரம் பார்ப்பதே வழக்கம். முழு ஓய்வாகப் படுக்க வைக்காதீர்கள்.

பதில் 3:
சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு காலும் பலவீனமானாலோ, பாதம் தொங்கினாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். டாக்டரிடம் ரிப்போர்ட் தாளோடு ஃபிலிம் அல்லது சிடியையும் கொண்டுபோங்கள். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை அவர் படத்தில்தான் பார்ப்பார்.