ஈட்டி கையை விட்டுப் போன பிறகுதான் தோள் வலிக்கிறது, ஏன்?

ஈட்டிப்பையன்:
வணக்கம். கல்லூரி அணிக்கு ஈட்டி எறிகிறேன், வயது 20, வலது கை. மூன்று மாதமாகத் தோளின் பின்பக்கம் வலி. எறியும்போது ஒன்றும் தெரியாது, ஈட்டி போன அடுத்த கணம் கை உடம்புக்குக் குறுக்கே கீழே இறங்கும்போதுதான் சுரீரென்று பிடிக்கிறது. ஸ்கேனில் கிழிசல் இல்லை. ஒரு மாதம் கையைத் தொடாமல் ஓய்வெடுத்தேன், வலி போயே போய்விட்டது. திரும்பிப் போன முதல் நாளே முழு ரன்-அப்பில் 15 எறி, ராத்திரியே பழைய வலி வந்துவிட்டது. கோச் பெஞ்ச் பிரஸ் எடையை ஏற்றச் சொல்கிறார், அதைத்தான் இரண்டு வருடமாகப் போடுகிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

பிசியோஅக்கா:
தம்பி, "போன பிறகு" என்று சொன்னீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. கையை முன்னால் வீசுவது மார்புத் தசை, முதுகின் பெரிய லாட்டிசிமஸ், தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் இருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ். ஈட்டி போய்விடும், கை மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், அதற்கு பிரேக் போடுவது பின்பக்கம் இருக்கும் இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர் என்ற சின்னத் தசைகள். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும், தசைக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சரின் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7000 டிகிரி வரை போகிறது, ஈட்டியும் அதே குடும்பம்தான். 1980களிலேயே அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் குழுவினர் பிட்சர்களின் தசைகளில் மின்முனை வைத்து, எறிதலின் எந்தக் கட்டத்தில் எது வேலை செய்கிறது என்று பதிவு செய்து காட்டினார்கள்.

பெஞ்ச் பிரஸ் வீசும் தசையைத்தான் வளர்க்கும். எஞ்சின் பெரிதாகிறது, பிரேக் அப்படியே இருக்கிறது. கையை வெளிப்பக்கம் திருப்பும் பலம் (வெளிச்சுழற்சி) உள்பக்கம் திருப்பும் பலத்தில் (உள்சுழற்சி) மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், பிசியோவிடம் அளந்து பாருங்கள்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், வலது முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் சுருட்டிய துண்டு, கையில் 1 கிலோ. முன்கையைத் தூக்குங்கள், இறக்கும்போது நான்கு நொடி எடுங்கள், அந்த இறக்கம்தான் மருந்து. அப்புறம் தோள்பட்டை எலும்பையும் மறக்காதீர்கள், விலா ஓரத்தில் இருக்கும் செரேட்டஸ் தசையும் மேல்முதுகில் இருக்கும் ட்ரப்பீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியும் அதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே எந்தத் தசையும் ஒழுங்காக இழுக்க முடியாது. புஷ்-அப் முடிவில் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், குப்புறப் படுத்துக் கைகளை ஆங்கில Y எழுத்து வடிவில் தூக்குங்கள்.

கை மரத்துப்போனாலோ, தூக்கத்தில் வலித்தாலோ இதையெல்லாம் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஈட்டிப்பையன்:
நன்றி அக்கா. மல்லாந்து படுத்துச் சோதித்தேன், வலது கை உள்பக்கம் திரும்புவது இடது கையைவிடக் குறைவு, வெளிப்பக்கம் அதிகம். பயப்பட வேண்டுமா?

பிசியோஅக்கா:
சின்ன வயதிலிருந்து எறிபவர்களுக்கு எலும்பே அப்படித் திருகி வளர்ந்திருக்கும், அது மட்டும் நோயல்ல. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் கூட்டுங்கள். இரண்டு கைக்கும் மொத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. வலது கையில் மொத்தமே குறைந்திருந்தால் பின்பக்கம் இறுகியிருக்கிறது, தினமும் மென்மையாக நீட்ட வேண்டும்.

பழையஎறி:
தம்பி, எனக்கும் இதே இடத்தில் வந்தது, நானும் ஓய்வெடுத்துவிட்டு நேரே முழு வேகத்தில் போய் இரண்டு சீசன் இழந்தேன். ஓய்வில் வலிதான் போகும், தசைக்குப் பலம் வராது. கடைசியில் மீண்டது இப்படித்தான்: ஒருநாள் விட்டு ஒருநாள், நின்ற இடத்திலிருந்து லேசான பந்து, பாதி வேகம். மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டினேன். பிறகு நின்றபடி ஈட்டி, பிறகு மூன்று எட்டு மட்டும் எடுத்து வைத்து எறிதல், முழு ரன்-அப் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொரு எறியையும் நோட்டில் எழுதினேன். இடது காலை ஊன்றும் இடத்தையும் வீடியோ எடுத்துப் பாருங்கள், கால் மடங்கினால் அந்த வேலையும் தோள் தலையில்தான் விழும்.

அமெரிக்க பேஸ்பால் பிட்சர் ஓரல் ஹெர்ஷைசருக்கு 1990 ஏப்ரலில் இதே ஜோப்தான் தோளில் அறுவை செய்தார், அவர் மீண்டும் மேஜர் லீகில் (அங்கே உச்ச பேஸ்பால் போட்டி) பந்து வீசியது 1991 மே மாதம். உங்களுக்குக் கிழிசலே இல்லை. அடுத்த போட்டியை விட்டுவிடுங்கள், கோச்சிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள்.