பதில்: பாக்கெட் கத்திக்குத் தமிழ்ச்சொல்: "வில்மடக்கு" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பூட்டு இல்லாம, முதுகுல இருக்கற ஸ்ப்ரிங் அழுத்தத்துல மட்டும் நிக்கற மடக்குக் கத்திக்கு, அதான் இங்கிலீஷ்ல ஸ்லிப்ஜாயின்ட், "வில்மடக்கு"ன்னு பேர் வைக்கலாமான்னு மூணு நாளா இந்த இழை ஓடிட்டிருக்கு, வேலைக்கு நடுவுல படிக்க மட்டும்தான் முடிஞ்சுது, இப்பதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க. தினமும் பாக்கெட்ல கத்தி வச்சிருக்கறவங்கள்ல நானும் ஒருத்தன், அதனால இதுக்கு ஒரு நல்ல சொல் அமையணும்னு ரொம்ப ஆசை.

> ஸ்லிப்ஜாயின்ட் = வழுக்குமூட்டுக் கத்தி

ஐயா, இது வேண்டாமே. இங்கிலீஷ் சொல்லை ரெண்டா உடைச்சு ரெண்டு பாதிக்கும் தமிழ் போட்ட மாதிரி இருக்கு, கத்தி என்ன பண்ணுதுன்னு அதுல வரவே இல்ல. என்கிட்ட இருக்கறது இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல செஞ்சது, ஒத்தை அலகு, மாட்டுக்கொம்புப் பிடி. அதைத் திறக்கும்போது முதுகுப்பக்கம் பாத்துட்டே திறந்தா எல்லாம் புரிஞ்சிடும். பிடியோட முதுகு நெடுக ஒரு எஃகுப் பட்டை போகுது, அதான் ஸ்ப்ரிங். நகத்தால அலகைத் தூக்குறப்ப அலகோட அடிக்கட்டை அந்தப் பட்டையை மேல தள்ளுது, பட்டை பிடியை விட்டு ஒரு மயிரிழை எழும்பி நிக்கறது கண்ணுக்கே தெரியும், அப்புறம் முழுசா திறந்ததும் டக்னு சத்தம் போட்டு மறுபடி பிடியோட சமமா உக்காந்துடும். அடிக்கட்டையைச் சதுரமா வெட்டியிருந்தா பாதி வழியிலயும் ஒரு தடவை நிக்கும். மடிச்சாலும் திறந்தாலும் அலகைப் பிடிச்சு வைக்கறது அந்தப் பட்டையோட அழுத்தம்தான், மூட்டு எங்கயும் வழுக்கல.

> அப்படின்னா பூட்டுக்கத்தின்னே சொல்லலாமே

சொல்லக்கூடாது, இதுல நான் பிடிவாதமாவே நிப்பேன். பட்டை அழுத்திப் பிடிக்குதே தவிர பூட்டல, அலகோட முதுகுல அழுத்தினா மடங்கிடும். ரெண்டு வருஷம் முன்னாடி கொய்யாக் கிளை ஒண்ணுல கத்தி முனையைக் குத்தி நெம்பினேன், அலகு மடங்கி ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு, மூணு தையல், தழும்பு இன்னும் இருக்கு. பூட்டுன்னு பேர் வச்சா அதை நம்பி இன்னொருத்தர் விரலை விடுவாங்க. சட்டத்துலயும் இந்த வித்தியாசம் பெருசு. பிரிட்டன்ல 1988ஆம் வருஷச் சட்டப்படி வெட்டுவாய் 3 இன்ச்சுக்கு மேல போகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பாக்கெட்ல வச்சுக்கலாம், ஆனா திறந்ததும் பூட்டிக்கற கத்தி அந்த விலக்குல வராதுன்னு 1993ல கோர்ட்டு சொல்லிடுச்சு. லண்டன்ல இருக்கற நம்ம ஆள் ஒருத்தர் தமிழ்ல படிச்சுட்டு எது பூட்டுறது எது பூட்டாததுன்னு குழம்பக்கூடாதில்லையா.

> விசைக்கத்தி

அக்கா, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விசைன்னதும் இன்னைக்கு நமக்கு என்ன ஞாபகம் வருது, விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை, ஒண்ணு மோட்டார் இல்லன்னா அமுக்குற பொத்தான். விசைக்கத்தின்னா பட்டன் கத்திதான் எல்லார் மனசுலயும் வரும், அமுக்கினா தானா வெளிய பாயுமே அது. நாம பேசறது அது இல்ல.

அதனாலதான் "வில்"னு சொல்றேன். வில்லுன்னா அம்பு விடறதுதானேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வில்வண்டியை மறந்துட்டோமா? கூட்டுவண்டிக்கு அடியில வளைஞ்ச எஃகுப் பட்டைங்களை வச்சு, குலுங்காம போறதுக்குச் செஞ்ச வண்டி, அதுக்கு ஊர்ஜனம் தானா வச்ச பேர் அது, எந்தக் கமிட்டியும் உக்காந்து வைக்கல. வளைஞ்சு குடுத்துட்டுப் பழையபடி திரும்புற பட்டைக்கு வில்னு ஏற்கனவே நம்மகிட்ட பேர் இருக்கு, கத்தி முதுகுல இருக்கறதும் அதே பட்டைதான், சின்னதா. பிரான்ஸ்ல லகியோல் கத்தி பாத்தவங்களுக்குத் தெரியும், பட்டையோட தலையிலதான் அந்தத் தேனீயைச் செதுக்கி வைப்பாங்க, கத்தியோட அழகே அங்கதான். அப்ப பேரையும் அதுல இருந்தே எடுக்கறது நியாயம்தான்னு தோணுது.

அடுத்தது "மடக்கு". இது நான் புதுசா உண்டாக்கினது இல்ல. ஓலைல எழுதின காலத்துல மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு முனைல எழுத்தாணி, மறுமுனைல ஓலை நறுக்குற கத்தி, ரெண்டையும் மடக்கி நடுவுல இருக்குற பிடிக்குள்ள வச்சுக்கலாம். படிச்சதும் எனக்குப் புல்லரிச்சிடுச்சு. பேனாக்கத்திங்கற பேரு வந்ததே இறகுப் பேனாவைச் சீவுற சின்னக் கத்தியில இருந்துதான். அங்க இறகு சீவ, இங்க ஓலை நறுக்க, எழுதுறவன் கைல ரெண்டு ஊர்லயும் ஒரு கத்தி இருந்திருக்கு. பேனாக்கத்திங்கற சொல்லைத் தூக்கிப்போடச் சொல்லல, அது பொதுப்பேரா இருக்கட்டும், வகை பிரிக்கத்தான் சொல் பத்தல.

மடக்குன்னு தலைச்சொல் வச்சுட்டா மத்தது தானா வந்துடுது: வில்லு பிடிச்சா வில்மடக்கு, பூட்டு பிடிச்சா பூட்டுமடக்கு. பிரான்ஸோட ஓப்பினெல் கத்தி 1890ல வெறும் மடக்காதான் ஆரம்பிச்சுது, 1955ல கழுத்துல திருகுற வளையம் வந்தப்புறம்தான் பூட்டுமடக்கு ஆச்சு, அதுலயும் சின்ன அளவு நம்பர்களுக்கு வளையம் கிடையாது. ஜப்பான்ல மிகி ஊர்ல செய்யற ஹிகோனோகாமிங்கற மடக்குக் கத்திக்கு வில்லும் இல்ல பூட்டும் இல்ல, ஆணி இறுக்கம்தான் பிடிக்குது, அலகுக்குப் பின்னால நீட்டிட்டிருக்கற வாலைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுக்கணும். இதை இறுக்குமடக்குன்னு சொல்லலாம். நம்ம பழைய சவரக்கத்தியும் இந்த வகைதானே, அதே ஆணி, அதே வால், லூசானா ஆணித்தலைல சுத்தியால லேசா ஒரு தட்டு.

புணர்ச்சி விதிப்படி "வின்மடக்கு"ன்னு வரணும்னு எழுதியிருந்த ஐயாவுக்கு: விதி சரி, நான் மறுக்கல. ஆனா வாயில சொல்லிப் பாருங்க, விண்மடக்குன்னு காதுல விழுது, வானத்துக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. கால்மிதியை யாரும் கான்மிதின்னு சொல்றதில்ல. பிரிச்சே வச்சுக்கலாம், வில் கண்ணுக்குத் தெரியணும்.

இன்னும் ஒண்ணு. அலகைத் தூக்க நகம் வைக்கிற அந்தச் சின்னப் பள்ளத்துக்கு "நகக்குறி"ன்னு இந்த இழையோட சொல் பட்டியல்ல போட்டிருக்கு. அதை மாத்திடணும், அந்தச் சொல்லுக்கு இலக்கியத்துல காதலர் விஷயமா வேற பொருள் நிலைச்சுப்போச்சு. "நகப்பிடி"ன்னு வச்சா வேலையும் தெரியும், குழப்பமும் இல்ல.

அலகு பாதி வழியில நிக்கறதுக்கு எனக்கு இன்னும் சொல் அமையல. அரைநிலை, இடைநிறுத்தம் ரெண்டும் யோசிச்சேன், மனசு ஒப்பல. உங்க ஊர்ல சவரக்கத்தி, பாக்குவெட்டி ரிப்பேர் பாக்கற ஆசாரி யாராவது இருந்தா, அந்த நடு ஆணியை அவர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடறார்னு கேட்டு எழுதுங்க, அங்க இருந்து ஏதாவது பிடிக்க முடியுதான்னு பாப்போம்.